மின்சாரக் கார்: இப்போதா, இன்னும் கொஞ்சம் பொறுத்தா?

மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டவர்கள் இப்போது எப்போது வாங்கலாம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த வருடம் விலை இறங்குமா, புது வகை பேட்டரி வந்துவிடுமா, அதுவரை இருக்கிற வண்டியையே ஓட்டலாமா என்று மனம் ஊசலாடுகிறது. சந்தைச் செய்திகளை எவ்வளவு படித்தாலும் இந்த ஊசலாட்டம் நிற்காது. உங்கள் வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது, தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, கையிலிருக்கும் வண்டி இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அவற்றில் முதலாவதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது.

ராத்திரி வண்டி நிற்கும் இடம்

வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ வண்டி மணிக்கணக்கில் நிற்கும் இடத்தில் மின்சாரம் இருக்கிறதா? இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. சாதாரண 230 வோல்ட் சாக்கெட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட். பத்து மணி நேரத்தில் மீட்டரில் 23 யூனிட் (கிலோவாட்-மணி) ஓடும். வழியில் வீணாவது போக பேட்டரிக்குள் சுமார் 20 யூனிட் சேரும். நடுத்தர அளவு கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கும் என்று வைத்தால், ஒரே இரவில் 125 கிலோமீட்டருக்கான சார்ஜ். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாலு மணி நேரம் போதும். 120 வோல்ட் நாடுகளில் 12 ஆம்பியர் சாக்கெட்டில் இதே பத்து மணி நேரத்துக்குச் சுமார் 75 கிலோமீட்டர்தான் தேறும். அதுவும் பலருக்குப் போதுமானதே.

ஆனால் எந்தச் சாக்கெட் என்பது முக்கியம். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடி ஓயும், கார் எட்டு மணி நேரம் ஒரே கரண்டை விடாமல் இழுக்கும். தளர்ந்த முனையோ தேய்ந்த பிடிப்போ இருந்தால் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, கடைசியில் உருகும். எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போடவே வேண்டாம். சுருட்டி வைத்த வயரில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். பழைய சாக்கெட்டில்தான் ஏற்ற வேண்டும் என்றால் முதல் மூன்று நாள், ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு, காரின் அமைப்பில் கரண்டை 6 அல்லது 8 ஆம்பியருக்குக் குறைத்து, சாக்கெட்டை மாற்றுங்கள்.

சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் எடுக்கும். தொடர்ந்து ஓடும் சுமை என்பதால் அதற்கு 40 ஆம்பியர் பிரேக்கர் தனியாக வேண்டும். வேறு எதுவும் அந்த லைனில் சேரக் கூடாது. மீட்டர் பலகையிலிருந்து 20 மீட்டருக்குள் என்றால் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். 40 மீட்டர் என்றால் 10க்குப் போங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜ் இறக்கம் அதிகமாகும். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கசிவுக் கரண்ட் பிரேக்கரைப் பொறுத்தவரை எலக்ட்ரீஷியனே தவறும் இடம் ஒன்று உண்டு. வீடுகளில் வழக்கமாகப் போடும் ஏசி (மாறுமின்னோட்ட) வகை, காரிலிருந்து கசியும் டிசி (நேர்மின்னோட்ட) கரண்டைக் கண்டுகொள்ளாது. அந்த டிசி அதன் சுருளை முடக்கிவிட்டால் உண்மையான கசிவு வரும்போதும் அது விழாது. ஆகவே பி வகை வேண்டும், அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறியும் வசதியுடன் ஏ வகை வேண்டும். எர்த்திங் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜை ஏற்கவே மறுக்கும். புதுக் காரில் கோளாறு என்று சர்வீஸுக்கு ஓடுபவர்கள் முதலில் வீட்டு எர்த்தை அளக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கம்பியை விட அனுமதிதான் நீளமான வேலை. எந்த மீட்டரிலிருந்து எடுப்பது, கம்பி எந்த வழியாகப் போகும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் செருகினால் கட்டடத்தின் மொத்த இணைப்பு தாங்குமா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். சுமையைப் பகிர்ந்தளிக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. நாலு வண்டி செருகியிருந்தால் கிடைக்கும் கரண்டை நாலாகப் பிரித்துக் கொடுக்கும். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிகளுக்கு அது தாராளம். இந்த அனுமதி கைக்கு வரும் வரை காருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

வீட்டிலும் வழியில்லை, வேலையிடத்திலும் வழியில்லை என்றால்? பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், முடியாது என்றில்லை. நீங்கள் வாரம் ஒருமுறை எப்படியும் போகும் இடத்தில், பெரும்பாலும் காலியாக இருக்கும் சார்ஜர் ஒன்று இருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். தள்ளிப்போட இதைவிட நியாயமான காரணம் கிடையாது.

எரிபொருள் கணக்கு, லிட்டரில்

பணத்தில் போட்டால் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். லிட்டரில் போடுவோம். ஒரு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கிறது. அதே அளவு மின்சாரக் கார் மீட்டரில் 18 யூனிட் எடுக்கிறது, அதாவது பேட்டரிக்குள் போன 16, வீணானது 2. பதினெட்டை ஆறரையால் வகுத்தால் சுமார் 2.8. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு யூனிட் மின்சாரத்தைப் போல 2.8 மடங்கு விலைதான் என்றால் எரிபொருளில் மிச்சமே இல்லை. அதற்கு மேல் போகப் போக மின்சாரம் லாபம்.

உங்கள் இடத்தில் இந்த மடங்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 யூனிட்டின் விலை 1.8 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம். ஆக 100 கிலோமீட்டருக்கு 4.7 லிட்டர் மிச்சம். மின்சாரக் கார் வாங்க நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 5,000 லிட்டர் பெட்ரோலின் விலை என்றால், வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது திரும்ப ஏழு வருடம் ஆகும். 30,000 ஓட்டுபவருக்கு மூன்றரை வருடம். 8,000 மட்டும் ஓட்டுபவருக்குப் பதின்மூன்று வருடம். ஒரே கார், ஒரே விலை, ஆனால் மூன்று வெவ்வேறு முடிவுகள். "இப்போது வாங்கினால் லாபமா" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இந்த மூன்று எண்களே சாட்சி.

வேகச் சார்ஜர் யூனிட்டுக்கு வீட்டு விலையைப் போல மூன்று மடங்கு கேட்டால், நம் மடங்கு 10இலிருந்து 3.3க்கு இறங்கிவிடும். அப்போது 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் அளவுதான் மிச்சம். சார்ஜ் போட வீட்டில் இடம் இல்லாதவரின் கையைக் கடிப்பது இதுதான்.

வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் தினமும் அதிகம் ஓடும் வண்டியை முதலில் மாற்றுங்கள். சின்ன வண்டியை மாற்றிப் பார்த்துப் பழகுவோம் என்று, வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டியை மாற்றுபவர்கள் உண்டு. அந்த வண்டியில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? குறைவாக ஓடும், இன்னும் திடமாக இருக்கும் பெட்ரோல் வண்டியை அவசரப்பட்டு விற்கவே வேண்டாம். அதில் கிளட்ச், கியர்பாக்ஸ், டைமிங் பெல்ட் என்று பெரிய செலவு ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது விற்பதா செய்வதா என்று யோசியுங்கள். மாற்றுவதற்கான இயல்பான நேரம் அதுதான்.

எத்தனை தூரம் போனால் போதும்

விளம்பரத்தில் எழுதியிருக்கும் தூரம் சோதனைக்கூடத்து எண். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் பயன்படும் டபிள்யூஎல்டிபி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். நகரத்துக்குள் ஓட்டும்போது அந்த எண்ணை எட்டலாம், சில நாள் தாண்டவும் செய்யலாம். நெடுஞ்சாலையில் கதை வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 90இலிருந்து 120க்குப் போனால் அந்த எதிர்ப்பு 78 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான், ஆனால் அங்கே எஞ்சின் வெப்பமாக வீணாக்குவது மிக அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பயன்படுத்தக்கூடிய 60 யூனிட் பேட்டரி. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட். முழுச் சார்ஜில் 300 கிலோமீட்டர். நீண்ட பயணத்தில் யாரும் 100இலிருந்து 0 வரை ஓட்டுவதில்லை. 80 சதவீதத்தில் கிளம்பி 10 சதவீதத்தில் அடுத்த சார்ஜருக்கு வருவோம். ஆக 210. எட்டு வருடம் கழித்துப் பேட்டரியில் 85 சதவீதம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் 180. அன்று கடுங்குளிர், ஹீட்டர் ஓடுகிறது என்றால் இன்னும் கால்பங்கு போய் 135. விளம்பரத்தில் 400க்கு மேல் எழுதியிருந்த அதே கார்தான் இது.

இந்த 135ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது மிக மோசமான நாளின் எண். இதை உங்கள் தினசரி ஓட்டத்தோடும், மாதத்துக்கு ஒரு தடவையாவது போகும் தூரத்தோடும் ஒப்பிடுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை போகும் 900 கிலோமீட்டர் பயணத்துக்காகப் பெரிய பேட்டரி வாங்குவது, வருடம் முழுக்க 150 கிலோ கூடுதல் எடையைச் சுமந்து திரிவதற்குச் சமம். அந்தப் பயணத்தில் கூடுதலாக இரண்டு இடத்தில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

சார்ஜ் ஏறும் வேகத்திலும் விளம்பர எண்ணை நம்பாதீர்கள். "150 கிலோவாட்" என்பது உச்சம், அது சில நிமிடம்தான் நிற்கும். 10இலிருந்து 80 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 60 யூனிட் பேட்டரியில் அது 42 யூனிட். அரை மணி என்றால் சராசரி 84 கிலோவாட், உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான். கடைசி 20 சதவீதம் ஏறக் கிட்டத்தட்ட இன்னொரு அரை மணி ஆகலாம். 80ஐ எட்டியதும் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். 2021இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற 800 வோல்ட் கார்கள், 350 கிலோவாட் சார்ஜரில் இந்த 10-80ஐ 18 நிமிடத்தில் முடிக்கும். ஆனால் உங்கள் பாதையில் இருப்பவை எல்லாம் 50 கிலோவாட் சார்ஜர்கள் என்றால் அந்தத் திறமைக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் ஏற்கும். வலிந்து ஏற்றினால் நேர்மின், எதிர்மின் தகடுகளில் எதிர்மின் தகட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் அதன் மேலேயே படிந்துவிடும் என்பதால் கார் தானாகவே கரண்டைக் குறைக்கிறது. காரின் வழிகாட்டித் திரையில் (நேவிகேஷன்) சார்ஜரை இலக்காகப் போட்டால் பல மாடல்கள் முன்கூட்டியே பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். குளிர் அதிகமுள்ள இடத்தில் இந்த வசதி இல்லாத மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

புது பேட்டரிக்காகக் காத்திருக்கலாமா

பலரும் காத்திருப்பது, உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருக்கும் திடநிலை பேட்டரிக்காக. காத்திருக்காதீர்கள். பழைய உதாரணம் ஒன்று: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற எல்எஃப்பி பேட்டரி வேதியியல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியானது 1997இல். டெஸ்லா மாடல் 3இல் அது வந்தது 2020இல். இடையில் 23 வருடம். ஆய்வுக்கூடத்தில் வெற்றி, மாதிரி வண்டியில் வெற்றி, விலையுயர்ந்த ஒரு மாடலில் வெற்றி என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் சாதாரணக் காருக்கு வந்து சேரும். செய்தி வந்த நாளுக்கும் உங்களால் வாங்க முடிகிற நாளுக்கும் நடுவில் நீங்கள் எரிக்கும் பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள்.

விலை இறங்கியது உண்மை. எரிசக்தி ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க் என்இஎஃப் கணக்கெடுப்பின்படி 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரித் தொகுப்பு விலை 2024இல் 115 டாலருக்கு வந்தது. பெரிய சரிவு நடந்து முடிந்துவிட்டது, மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். இந்தச் சரிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. புதுக் கார் விலை இறங்கினால் உங்கள் காரின் மறுவிற்பனை விலையும் கூடவே இறங்கும். மூன்று வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் வாங்காமல் குத்தகைக்கு எடுப்பது நல்லது. எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டுபவர்களுக்கு மறுவிற்பனை விலை பெரிய விஷயமில்லை.

பொறுத்திருக்க நியாயமான காரணங்களும் இருக்கின்றன. உங்கள் பகுதியில் சார்ஜிங் பிளக் மாறிக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். 2023 மே மாதம் ஃபோர்டு டெஸ்லாவின் பிளக்குக்கு மாறுவதாக அறிவித்தது, மற்ற நிறுவனங்களும் வரிசையாகத் தொடர்ந்தன. வட அமெரிக்காவில் வாங்குபவர் எந்தப் பிளக்குடன் வண்டி வருகிறது, அடாப்டர் கிடைக்குமா என்று பார்த்தே ஆக வேண்டும். பழைய நிஸான் லீஃபில் இருக்கும் சாடெமோ என்ற வேகச் சார்ஜிங் பிளக்குக்கு ஜப்பானுக்கு வெளியே புதுச் சார்ஜர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்த வருடம் வீடு மாறப்போகிறீர்கள் என்றாலும் பொறுங்கள். முற்றிலும் புதிய அடித்தளத்தில், புதிய மென்பொருளுடன் வரும் மாடல் என்றால் வெளியாகி ஒரு வருடமாவது போகட்டும். முதல் வருடக் கோளாறுகளில் பல மென்பொருளிலும், பூட்டு, விளக்கு, கணினிகளை இயக்கும் 12 வோல்ட் அமைப்பிலும்தான் வரும், அவை பெரும்பாலும் அதற்குள் சரியாகிவிடும்.

பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் ஒரு பழைய அனுபவத்திலிருந்து வந்தது. 2010இல் வந்த முதல் லீஃபின் 24 யூனிட் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இல்லை. வெப்பமான பகுதிகளில் அது வேகமாகக் கொள்ளளவை இழந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரிக்கு அடியில் கூலன்ட் ஓடுகிறது. வெப்பப் பகுதியில் வாழ்பவர் இதை விற்பனையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். உத்தரவாதம் பொதுவாக எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிக் கொடுப்பது. உங்கள் மாடலின் தாளில் அந்த 70 என்ற எண் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில உத்தரவாதங்கள் "பழுது" என்று மட்டும் சொல்லி, தேய்மானத்தைச் சேர்ப்பதில்லை.

எல்எஃப்பி பேட்டரிக்கும் நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரிக்கும் பராமரிப்பு வேறு. என்எம்சி என்றால் தினசரி 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. 100 சதவீதத்தோடு வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துவதுதான் அதற்கு மிகக் கெடுதல். எல்எஃப்பியின் வோல்டேஜ் சார்ஜின் நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று கணிக்கக் கார் தடுமாறும். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றினால் கணிப்பு நேராகும். ஏற்றாமல் விட்டால் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுபோகலாம்.

பழைய கார் வாங்குவது

காத்திருக்கவும் மனமில்லை, புது விலையும் கட்டுப்படியாகவில்லை என்றால் மூன்று வருடம் ஓடிய காரைப் பாருங்கள். மதிப்பு வேகமாகச் சரியும் காலம் முடிந்திருக்கும், பேட்டரி உத்தரவாதம் இன்னும் ஐந்து வருடம் மிச்சமிருக்கும். அந்த உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

திரையில் காட்டும் மிச்சத் தூரத்தை வைத்துப் பேட்டரியை மதிப்பிடக் கூடாது, அது போன வாரம் ஓட்டியவரின் வேகத்தைப் பொறுத்த எண். காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி, அந்த மாடலுக்கு ஏற்ற செயலியில் பேட்டரி நலச் சதவீதத்தையும் செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தையும் பாருங்கள். வண்டி ஓய்ந்து நிற்கும்போது 20, 30 மில்லிவோல்ட் வரை சகஜம். 100ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் பலவீனமாகிறது என்று சந்தேகப்படலாம். எல்எஃப்பியில் இதை 50 சதவீதத்தில் பார்த்தால் எல்லா செல்லும் நலமாக இருப்பது போலவே தோன்றும், முழுச் சார்ஜுக்கு அருகில்தான் வித்தியாசம் வெளிப்படும்.

வீட்டு வகை ஏசி சார்ஜர், பொது இடத்து டிசி வேகச் சார்ஜர் இரண்டிலும் செருகிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டிசியில் கால் மணி நேரமாவது ஏறட்டும். காருக்கு உள்ளே இருக்கும் ஏசி சார்ஜர் போனால் வீட்டில் ஏற்றவே முடியாது, மாற்றும் செலவும் பெரிது. வண்டியை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கத்துப் பேட்டரித் தட்டில் நசுங்கல், ஆழமான கீறல் இருக்கிறதா பாருங்கள். தட்டு நசுங்கிய வண்டிக்குக் காப்பீட்டிலும் சிக்கல் வரும். சேஸிஸ் எண்ணை வைத்துத் திரும்பப்பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று தேடுங்கள். செவர்லே போல்ட் கார்களில் ஒரே செல்லுக்குள் கிழிந்த எதிர்மின் முனையும் மடிந்த பிரிப்புத் தாளும் சேர்ந்து தீ அபாயம் வந்ததால் 2021இல், அதுவரை தயாரான எல்லாவற்றையும் திரும்பப்பெற்றார்கள். அதில் புது பேட்டரி மாற்றப்பட்ட வண்டி கிடைத்தால் அது நல்ல வரவு, மாற்றப்படாத வண்டி என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பெட்ரோல் காரிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள். 60 யூனிட் பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் கதவு திறக்காமல் போகலாம், வண்டி கிளம்பாது. நாலு வருடம் ஆனதும் மாற்றிவிடுங்கள். மோட்டாரே பெரும்பாலும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தட்டுகள் உழைப்பில்லாமல் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு எட்டவில்லை என்றால் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், வண்டி எங்கே எத்தனை மணி நேரம் நின்றது. பிறகு நீங்கள் வாங்க நினைக்கும் மாடலை ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுத்து, அடிக்கடி போகும் நீண்ட பாதையில் ஓட்டிப் பாருங்கள். வழியில் இருக்கும் சார்ஜர்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா, பணம் கட்ட எத்தனை செயலிகள் வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும்.

முடிவு எடுத்தாகிவிட்டால் வேலைகளைச் செய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் எலக்ட்ரீஷியன் வந்து இணைப்பின் தாங்குதிறனையும் எர்த்தையும் அளக்கட்டும். அடுத்து காப்பீட்டு விலையையும், உயர் வோல்டேஜ் பயிற்சி பெற்ற மெக்கானிக் அருகில் எங்கே என்பதையும் விசாரியுங்கள். பிறகு அனுமதி, கம்பி, சார்ஜர். காருக்கு முன்பணம் அதற்கும் பிறகு. டெலிவரி அன்று தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் கிடங்கில் நின்ற வண்டி என்றால் 12 வோல்ட் பேட்டரியைச் சோதித்துக் காட்டச் சொல்லி, அங்கேயே ஒரு தடவை சார்ஜில் போட்டுப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.